இருபத்தேழாம் இடம்

"உனக்கு வாசல் பக்கத்துல நாலாம் நம்பர் வச்சிருக்கேன் தம்பி. ரிவர்சே எடுக்க வேணாம். நேரா ஏறு, போறப்ப நேரா இறங்கு," என்றார் வெர்ன்.

எல்லிஸ் ஜன்னல் கண்ணாடியைப் பாதிதான் இறக்கியிருந்தான்.

"இருபத்தேழு," என்றான்.

வெர்ன், வீட்டு வண்டிகள் வந்து தங்கும் அந்த முகாமின் காவலர். இந்தக் குளிர்காலம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். கையிலிருந்த எல்லிஸின் முன்பதிவு அட்டையில், முன்பிருந்த காவலர் பென்சிலால் எழுதிவிட்டுப் போன குறிப்பை இன்னொரு முறை பார்த்தார்: மனைவி மார்னி மார்ச்சில் இறந்துவிட்டார், கவனித்துக்கொள்ளவும்.

பிறகு முப்பதடி நீள வீட்டு வண்டியைப் பார்த்தார். எல்லிஸுக்குப் பக்கத்து இருக்கையில் வண்ண விளக்குச் சரத்தின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்த அவனுடைய ஒன்பது வயது மகள் ஃப்ரேயாவையும் பார்த்தார்.

"அது மூலை இடம்ப்பா. ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், ஒரு பக்கம் கள்ளி. அந்தக் கள்ளி எங்க தாத்தாவ விட மூத்தது. அதச் சாய்ச்சா உன்னோட சேத்து என்னையும் உள்ள வச்சிருவாங்க."

"ஆறு கிறிஸ்துமஸ் அங்கதான். ஏழாவதும் அங்கதான்."

"சரி, சீட்டையாவது பின்னால தள்ளிக்கயேன். முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது பாரு."

"இருக்கட்டும்."

மினசோட்டாவிலிருந்து அரிசோனா வரை நான்கு நாட்களாக இடித்துக்கொண்டுதான் வந்தது.

புறப்பட்ட அன்று மாமியார் கொட்டும் பனியில் செருப்போடு வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியை விற்றுவிடு என்றார். பண்டிகைக்குப் பிள்ளையை இங்கே விடு, தனியாளாக உன்னால் ஆகாது என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

நாலாம் எண்ணில் நிறுத்தினால் அவர் சொன்னது சரியாகிவிடும். அடுத்த டிசம்பரில் வண்டி இருக்காது.

மாலை நான்கு மணி. அந்த நேரத்தில் வந்து சேரும் வண்டிகள்தான் முகாமுக்கு நாடகம். பனிக்குத் தப்பி வந்த ஓய்வூதியக்காரர்கள் மடக்கு நாற்காலிகளை இருபத்தேழின் பக்கம் திருப்பிப் போட்டார்கள். ஒருவர் தலையில் துணியில் தைத்த கலைமான் கொம்பு, கையில் பீர்.

இருபத்தாறாம் எண்ணிலிருந்த டாட்டி மட்டும் நாற்காலியைத் திருப்பவில்லை. ஆறு வருடமாக அவர்களுக்கு அவள்தான் பக்கத்து இடம். வண்டியைப் பார்த்துக் கையசைத்தாள். உடனே எழுந்துபோய்த் தன் காரை எடுத்துத் தூரத்தில் நிறுத்தினாள்.

எல்லிஸ் ரிவர்ஸ் போட்டான்.

வண்டியின் வால் கள்ளியை நோக்கிப் போயிற்று. நாற்காலிகளிலிருந்து "ஓ... ஓ... ஓ..." என்று ஒரே குரல். பிரேக்கை மிதித்தான். சமையல் மேடையில் தட்டுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"கள்ளிக்கு கிறிஸ்துமஸ் முத்தமா?" என்றார் கலைமான் கொம்பு. எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்ன் கதவைத் தட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பின்னால நின்னு கை காட்ட ஆளு இல்லாம கஷ்டம்தான் தம்பி. அவங்க இருந்தப்ப வேற. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இறங்கு, நான் ஏத்தித் தர்றேன்."

எல்லிஸ் கதவின் பூட்டை உள்ளிருந்து அழுத்தினான்.

மறுபக்கக் கதவு திறந்து மூடியது. ஃப்ரேயா இறங்கியிருந்தாள். அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்து மாட்டியிருந்தாள். தூரத்திலிருந்தும் கண்ணில் படுகிற கோட்டு. அவளுக்கு அது கணுக்காலைத் தொட்டது.

வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் தெரிகிறாளா என்று இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். கையைத் தூக்கினாள். எல்லிஸ் வண்டியை முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸ் போட்டான்.

வா. வா. விரல் நுனியால் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். நேராக்கு.

அந்தச் சைகை ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். கண்ணாடிக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கள்ளி ஜன்னலை ஒட்டி நகர்ந்தது. அதன் முட்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவன் எண்ணவில்லை. ஆரஞ்சு நிறத்தை மட்டும் பார்த்தான்.

ஃப்ரேயா முஷ்டியை மடக்கினாள். நிறுத்தினான்.

கம்பத்துக்கு ஒரு முழம். கள்ளிக்கு ஒரு முழம்.

யாரும் சிரிக்கவில்லை. கலைமான் கொம்பு பீரைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு கை தட்டினார்.

"கில்லாடிதான்யா நீ," என்று வெர்ன் ஜன்னலில் சாய்ந்தார். "எத்தன வருஷமா ஓட்டுற இத?"

"நாலு நாளா."

வெர்ன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு ஃப்ரேயா வந்தாள். அதைச் சுருட்டி ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தாள்.

"ரெண்டு தடவ எடுத்துட்டப்பா. அம்மா ஓட்டுனா ஒரே தடவதான். இந்தா, உன் கோட்டு."

தூரத்தில் டாட்டி தன் காரைக் கிளப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

எல்லிஸ் முழங்கால்களை ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு இறங்கினான். இருக்கை மார்னி தன் உயரத்துக்கு இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது.