தலைமாட்டுப் பலகை

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் தம்பி, தலையில் ஒரு முடி இல்லாமல், போனைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருக்கிறான். ரத்தப் புற்றுக்காக அவளுடைய ஸ்டெம் செல்லை அவனுக்குள் ஏற்றி இன்றோடு இருபத்தாறு நாள். அது வேர் பிடித்தால்தான் வெள்ளை அணு ஏறும். அவன் தலைமாட்டுப் பலகையில் நர்ஸ் தினமும் நாள் எண்ணை மட்டும் அழித்து மாற்றுகிறாள். வெள்ளை அணுவுக்கு நேரே என்றைக்கோ போட்ட பூஜ்யம் அப்படியே கிடக்கிறது. “உன் செல்லாச்சே, சோம்பேறியாத்தான் இருக்கும்,” என்கிறான். “வாயை மூடுடா. உள்ள வந்ததும் உன் புத்தி ஒட்டிக்கிச்சு.” சிரிப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிடுகிறது. நர்ஸ் இன்றைய ரிப்போர்ட்டோடு உள்ளே வருகிறாள். நாள் எண்ணை மாற்றுகிறாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, பூஜ்யத்தையும் துடைக்கிறாள். அக்கா கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறாள். துடைத்த இடத்தில் ஈரம் பளபளக்கிறது. “என்னக்கா, கண்ணு இப்படி விரியுது? எவ்வளவு போட்டிருக்காங்க?” திரும்பிப் பார்க்க அவன் கழுத்தில் தெம்பில்லை. மங்கிப்போயிருந்த பூஜ்யத்தின் இடத்தில் நர்ஸ் புதிதாக ஒரு பூஜ்யத்தைக் கறுப்பாக, அழுத்தமாக எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறாள். “இருடா,” என்கிறாள் அக்கா, “இன்னும் எழுதி முடிக்கல.”