காத்தமுத்துவின் சாவு

காத்தமுத்துவின் சாவுக்கென்று தேயிலைத் தோட்டத்துத் துரை எங்கள் லயத்து வீடுகள் அத்தனைக்கும் அரைநாள் லீவு கொடுத்தார். சாவு வீட்டைப் பூட்டிவிட்டு, லயமே அட்டன் டவுனுக்குப் படம் பார்க்கப் போனது. அன்று படத்துக்குக் கடைசி நாள்.

திரையில் புதைத்த பிணங்கள் எழுந்து ஊரைத் துரத்தின. யாருக்கும் பயமில்லை, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தொரைக்குத் தெரிஞ்சா தோட்டத்த விட்டே வெரட்டிடுவாரு மாமா" என்றேன்.

பக்கத்தில் மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட போடா! கணக்கப்பிள்ளையே முன்னால ஒக்காந்து சிரிக்கிறாரு. அங்க பாரு, தலைய கக்கத்துல வச்சுக்கிட்டு ஒருத்தன் வேலைக்குப் போறான். நம்மாளு மாதிரியே இல்ல?"

மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, மாமாவின் முன் நின்றார். பத்து வருஷமாக அவரிடம் வேலை பார்ப்பவர் மாமா. துரை அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"காத்தமுத்து நல்ல வேலைக்காரன். ஒழுங்கா பொதச்சாச்சா?" என்று கேட்டார் துரை.

"பொதச்சாச்சுங்க தொரை" என்றார் காத்தமுத்து மாமா.