நாற்பத்தொன்பது

கூண்டுக்குள் வைக்கோல் அசைந்தது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஈன்ற அன்று கையை விட்டால் தாய் எலி மிரண்டுபோய்க் குட்டிகளையே தின்றுவிடும். ஒன்பது வருடமாக இந்த லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அத்திபெலேயில் பிடித்த வயல் எலி இவள். அங்கே ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் வளை தோண்டுகிற எலிகளுக்கு ஐம்பது குரோமோசோம். அந்தப் பக்கம் கெட்டி மண். அங்குள்ளவற்றுக்கு முன்பல் நீளம், குரோமோசோம் நாற்பத்தெட்டு.

இவளுக்கு நாற்பத்தொன்பது.

இவள் ரத்தத்தில் எடுத்த செல்கள் உடைந்து நன்றாகப் பரவட்டும் என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று ஸ்லைடில் சொட்டு விட்டேன். மைக்ராஸ்கோப்பில் முப்பது செல்களை எண்ணினேன். முப்பதிலும் அதே கணக்கு.

ஜோடி ஜோடியாக அடுக்கினால் ஓரிடத்தில் மட்டும் மூன்று நின்றன. குட்டையாக இரண்டு, அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் நெட்டையாக ஒன்று. கரையைத் தாண்டிப் போய் யாரோ சம்பந்தம் செய்திருக்கிறார்கள்.

நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று ஆராய்ச்சி மாணவன் ஹரிஷ் என்மேல் பழியைப் போட்டான். பிறகு தானே எண்ணிப் பார்த்துவிட்டு அடங்கினான்.

"ஆனா இதுக்குக் குட்டி தங்காதுக்கா. கலைஞ்சு கலைஞ்சு போயிடும்" என்றான்.

புத்தகத்தில் படித்ததைச் சொன்னான், பாவம். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றே ஆண் எலியோடு இவளைச் சேர்த்து வைத்தேன்.

மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வந்தேன். எலிக்கு வளைகாப்பு எப்போது என்று லேபில் கோமளம் கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். இவள் வயிற்றில் தங்கவேண்டும், எனக்கு அது போதும்.

இப்போது அவளாகவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வைக்கோல் விலகியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. இன்னொரு முறை எண்ணினேன். ஏழும் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தன.

கெட்டிக்காரி. உனக்கு எண்ணிக்கை சரியில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வளை தோண்டினாள், தின்றாள், பெற்றாள். திரும்பி வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏழின் மேலும் ஜம்மென்று படுத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறையும் கலைந்த பிறகு, இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான்.

"என் ரிப்போர்ட்ல நாப்பத்தாறுக்கு ஒண்ணு கம்மின்னு போட்டிருந்தாங்கல்ல, அத எடுத்துக்கிட்டு வாங்க. டாக்டரப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.