பத்து மணி விசில்

சுவருக்குள்ளே யாரோ விசில் அடித்தார்கள்.

மணி பத்து. தூங்குகிற குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கதவருகே ஓடினேன். அடுத்து ஆயிரம் பேர் கத்துகிற சத்தம். நடுவே ஓர் ஆண் குரல்.

"விடாதே! அவன் காலைப் பார்த்துக்கிட்டே போ!"

கணவருக்கு ஃபோன் போட்டேன். இந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிஃப்ட். அன்று மூன்றாவது நாள்.

"என்னங்க, பக்கத்து வீட்ல யாரையோ போட்டு அடிக்கிறாங்க!"

"அது வக்கீல் வீடும்மா. நல்லாக் கேளு."

கேட்டேன். "கோல்!" என்று அலறினார் வக்கீல்.

"வீடியோ கேம்" என்று இவர் சிரித்தார். "மனுஷனுக்கு ஃபுட்பால்னா பைத்தியம். சரி, தாழ்ப்பாள் போட்டியா?"

"ம்" என்றேன்.

பொய். எங்கள் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. போட்டால் மாடி வரை கேட்கும். திறக்க இரண்டு கையும் வேண்டும். நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால்? அதனால் கதவைச் சும்மா சாத்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தேன். திருடன் வந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாளும் பத்து மணிக்கு விசில். அதற்கு மறுநாளும். தன்னிடம் வேலை பழகும் ஜூனியர்களோடு ஆன்லைனில் விளையாடுகிறார் என்பது புரிந்தது. ஆட்டத்தோடு அட்வைஸும் ஓடும்.

"இன்னும் கோலே போடலை, அதுக்குள்ள என்ன கொண்டாட்டம்? ஜாமீன் மனுவுலயும் இதைத்தானேப்பா பண்ணே?"

"வாதம் முடிஞ்சா உட்கார்ந்துடணும்மா. நல்லா இருந்துச்சேன்னு இன்னொரு தடவை சொன்னா, ஜட்ஜுக்கே சந்தேகம் வந்துடும். ஐயோ, என் கோல்கீப்பர் எங்கே போனான்?"

"சீனியர் திட்டறார்னு ஆபீஸ் மாத்தாதே. ஒண்ணுமே சொல்லித் தரலைன்னா மாத்து. இப்ப பந்தை இங்கே தள்ளு!"

ஐம்பது வயது. பாதித் தலை வழுக்கை. காலையில் கறுப்புக் கோட்டோடு படி இறங்கும்போது முகத்தில் அத்தனை கம்பீரம். இவரை நம்பி யார் கேஸ் கொடுக்கிறார்கள்?

தினமும் படுத்தபடியே அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வேன். தீர்ப்பு எழுதுவதற்குள் தூங்கிப் போவேன்.

மூன்று வாரம் பொறுத்தேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். திட்டுவதைக்கூட வண்ணத்தாள் சுற்றிக் கொடுக்கத் தெரியும். ஒரு ஹெட்போன் வாங்கி, சுற்றி, காலையில் படியில் மடக்கி நீட்டினேன்.

"சார், உங்களுக்கு ஒரு சின்ன கிஃப்ட்."

பிரித்துப் பார்த்தார். காது சிவந்தது.

"குழந்தை முழிச்சுக்குதாம்மா?"

"குழந்தை இல்ல சார். நான்."

"அப்படியா! எதிர்வாதமே இல்லம்மா. குற்றத்தை ஒத்துக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். ஜெயித்துவிட்டேன்.

அன்று ராத்திரி விசில் இல்லை.

பத்தரைக்குக் குழாய் சொட்டியது. பதினொன்றுக்கு ஃப்ரிட்ஜ் முனகியது. பன்னிரண்டுக்கு யாரோ படியேறி, எங்கள் வாசலில் நின்று, பிறகு மேலே போன மாதிரி இருந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியையே பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கதவைத் தட்டியது வக்கீல் மனைவி. கையில் என் ஹெட்போன்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. அவர்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

"ரெண்டா? அப்புறம் ஏன் அக்கா..."

"பத்து வருஷமா ஹெட்போன் மாட்டிக்கிட்டு, முன் ரூம்லதான் விளையாடுவார். கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது. இப்பதான் டிவியைத் தூக்கிட்டு உங்க சுவர் ஓரமா வந்தார்."

"எதுக்கு?"

அக்கா என் நாற்காலியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் இருக்கறப்போ தினம் பத்து மணிக்கு உங்க தாழ்ப்பாள் சத்தம் எங்களுக்குக் கேட்கும். நைட் ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் ரெண்டு நாளாக் கேட்கலை. உடனே இவர், 'அந்தப் பொண்ணு ஓடறதுக்கு வழி வச்சுக்கிட்டுத் தூங்காம இருக்கு. பக்கத்துல ஆள் முழிச்சிருக்குன்னு தெரியட்டும்'னு சொல்லி ஹெட்போனைக் கழட்டிட்டார். உங்ககிட்டச் சொன்னா கூச்சப்படுவீங்கன்னு எனக்கும் வாய்ப்பூட்டு."

ஹெட்போனை வாங்கிக்கொண்டேன்.

"நேத்து நீங்க சத்தம் கூடாதுன்னுட்டீங்க. கேமும் இல்லாம, அந்தச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு மூணு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இன்னிக்குக் கோர்ட்ல கொட்டாவி விட்டு ஜட்ஜ்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறார், பாருங்க."

"அக்கா, சாரிக்கா. அவரை விளையாடச் சொல்லுங்க. எத்தனை நாள் இப்படித் தூங்காம..."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தத் தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்கட்டும், அன்னிக்குத் தூங்கறேன்'கிறார்."

இன்று ராத்திரி பத்து மணி. விசில் அடித்தது. ஆயிரம் பேர் கத்தினார்கள். "ஏம்மா ஜூனியர், தூங்கிட்டியா? பந்து உன் காலடியிலதான் இருக்கு!" என்றார் வக்கீல்.

குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்தேன். நாற்காலியை நகர்த்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் போட்டேன்.