மாறுகண் தொலைநோக்கி

"கோணல் உங்க கண்ணுதான் அண்ணி. என்னோடது நேராத்தான் பாக்குது."

"வாயை அளந்து பேசு. கோணல் உன்னோடது."

கட்டுப்பாட்டு அறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

சண்டை விண்வெளியில் புதிதாகச் சுற்றும், இன்னும் ஒரு படம்கூட எடுக்காத தொலைநோக்கியைப் பற்றி. எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்குச் சொல்ல இரண்டு உணரிகள். எல்லோருக்கும் அவை 'கண்'. இடது கண் நாத்தனார் செய்தது, வலது கண் அண்ணி செய்தது. ஒரே நட்சத்திரத்தைக் காட்டினால் ஆளுக்கொரு இடம் சொல்லித் தொலைத்தன. இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டிய அண்ணன், புண்ணியவான், வேறு ஆபீசில் வேலை பார்க்கிறார்.

"போயும் போயும் மாறுகண்ணா வந்து வாய்ச்சிருக்கே," என்று தலையில் அடித்துக்கொண்டார் தலைமைப் பொறியாளர். "ஏதாவது ஒண்ணை நம்பி இன்னொண்ணைத் திருத்துங்கம்மா. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் தொலைநோக்கி ஆடாம நிக்கும். நாம படம் எடுக்க வேண்டிய வெடிச்ச நட்சத்திரம் மங்கிக்கிட்டே போகுது. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

எதை நம்புவது? அதில்தான் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதை.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டு, ஆறு வருஷம் இந்தக் கண்ணையே கட்டிக்கொண்டு அழுதவள். அண்ணிக்கு என்ன, எதிலும் தன் கைதான் ஓங்கி இருக்க வேண்டும்.

சாப்பிடக்கூடப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி, மதியத்துக்கு மேல் எழுந்து வந்தாள்.

"சரி, கோணல் என்னோடதாவே இருக்கட்டும். உன் கண்ணை வெச்சு என்னோடதைத் திருத்திடலாம்."

"இதைக் காலையிலேயே ஒத்துக்கிட்டிருக்கலாமே அண்ணி."

அண்ணி திருத்தத்தைத் தட்டச்சு செய்தாள்.

உத்தரவு மேலே போனது. இரண்டு கண்களும் ஒரே இடத்தைக் காட்டின. தொலைநோக்கி அசையாமல் நின்றது. திரையில் படம் வந்தது.

மனுஷன் என்று ஒருத்தன் பிறப்பதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சம், வழியில் எங்கும் நிற்காமல், இந்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரே ஒரு பொட்டுதான். சுற்றியிருந்த ஊர்ப்பட்ட நட்சத்திரங்களும் அதன் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிருந்தன. என் கண் வழியாகப் பார்த்தது என்று நினைத்ததும் நாத்தனாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, அழுகையே வந்துவிட்டது.

அண்ணி அவள் தோளைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

அப்புறம்தான் நாத்தனார் கவனித்தாள்.

"ஏன் சார், நடுவுல விழ வேண்டியது ஓரத்துல விழுந்திருக்கு?"

தலைமைப் பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "உன் கண்ணுதாம்மா கோணல். மதியமே உங்க அண்ணி நட்சத்திர வரைபடத்தோட ஒத்துப் பார்த்துட்டாங்க. கொஞ்சம் தள்ளிப் போனாலும் படத்துக்குள்ளதான் விழும்னு கணக்கும் போட்டுட்டாங்க."

"தன்னோடது சரின்னு தெரிஞ்சேவா விட்டுக்கொடுத்தாங்க?"

"சண்டையெல்லாம் தெரியாத வரைக்கும்தான். தெரிஞ்சதும், 'நாளைக்குத் திருத்திக்கலாம் சார், முதல் படம் அவ கண்ணு வழியாவே வரட்டும்'னுட்டாங்க."