தகரக் கூரைக்குக் கீழே சுள்ளான்

மூன்று மணிக்கே மூடுபனி சன்னலை அடைத்துவிட்டது. மாடியறையில் மனோஜ்குமார் கோணிச்சாக்கின் ஓரம் உட்கார்ந்திருக்கிறான். சாக்கின்மேல் அவனுடைய நாய் சுள்ளான் படுத்திருக்கிறது. ஒரு வயதுதான், படுத்த பிறகும் கால்கள் துடிக்கின்றன. மேல்மலைப் போளூரில் பூண்டுத் தோட்டத்தில் காவலிருந்தபோது, தகரத்தைத் தட்டினால் பாய்ந்துபோய்ப் பன்றியை விரட்ட அவன்தான் அதைப் பழக்கினான். கொடைக்கானலில் இந்த வாடகை அறையைப் பிடித்தபோது, இதற்குக் கூரையே தகரம் என்பது உறைக்கவில்லை. முதல் தூறல் விழுகிறது. சுள்ளான் துள்ளியெழுந்து கதவில் மோதுகிறது.

"மேல நாய் வளக்குறீங்களா, குதிரை வளக்குறீங்களா?" கீழிருந்து வீட்டுக்காரி உம்மு ஹபீபா கத்துகிறாள். "இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் காலி பண்ணிருங்க தம்பி!"

"இந்தா படுக்க வச்சிட்டேங்க்கா." குரலைத் தாழ்த்தி நாயிடம் கெஞ்சுகிறான். "ஏலே, படுலே." ரொட்டித் துண்டைச் சாக்கில் வைக்கிறான். சுள்ளான் மெல்ல மடங்கி, தாடையை அவன் பாதத்தின்மேல் சாய்க்கிறது. மழை வலுக்கிறது. கூரையெங்கும் தகரம் தட்டும் சத்தம். நாயின் தோல் நடுங்குகிறது, ஆனால் எழவில்லை. எதிர்மூலையில் கரண்ட் அடுப்பில் பால் பொங்குகிறது. கால் அசைந்தால் நாய் எழுந்துவிடும். பால் வழிந்து கருகுவதை அவன் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறான்.