தலைமாட்டுக் கயிறு

குலத்தலைவரின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள். தலைமாட்டுக் கயிற்றைப் பிடிப்பவர்தான் வாரிசு என்பது அந்தப் பள்ளத்தாக்குக்கே தெரியும். அதற்காக மூத்த மகள் இஷ்பெலும் தம்பி டார்க்வில்லும் கொட்டும் மழையில் குழியோரத்திலேயே மல்லுக்கு நின்றார்கள்.

"மூத்தவ நான். நீ கால்மாட்டுக்குப் போ."

"எடின்பரோவுல போய் உக்காந்துக்கிட்டவளுக்கு இப்பக் கயிறு கேக்குதா?"

"நீ கூடவே இருந்து என்ன கிழிச்ச? அப்பா ஒரு முழ நிலமாவது எழுதித் தந்தாரா?"

அப்பா யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்தவரில்லை.

"ரெண்டு பேருக்கும் வேணாம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று, அடக்கம் நடத்த வந்த கால்டர் அந்தக் கயிற்றைப் புல்லில் போட்டார். அக்காவும் தம்பியும் எதிரெதிராகப் பக்கக் கயிறுகளைப் பிடித்தார்கள். மற்றவற்றை உறவினர்கள் பிடித்தார்கள்.

பெட்டி இறங்கியது. தலைப்பக்கம் சரியவே இல்லை. இஷ்பெலுக்கு அழுகை வரவில்லை. நனைந்த காலுறையும், வீட்டில் ஆறிக்கொண்டிருக்கும் சூப்பும்தான் நினைவில் இருந்தன.

பெட்டி அடியைத் தொட்டதும், "விடுங்க" என்றார் கால்டர். கயிறுகள் பெட்டியின்மேல் விழுந்தன.

தலைமாட்டுக் கயிறு மட்டும் விழவில்லை. ஆளில்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. அதிலிருந்து மழை சொட்டியது.

கால்டர் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா," என்றார் அதே குரலில், "நீங்களும் விடுங்க."

கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.